வீட்டுக்கு வீடு பூச்சிமருந்துப் பெட்டி: உயிரைக் காக்குமா?

மல்லிகை (கடலூர் மாவட்டம்):
சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். களப்பணிக்குப் போகும் ஊரில் பூ விவசாயம்தான் பிழைப்பு. பூச்சிமருந்துப் பாட்டில் எரவாணத்தில் செருகியிருக்கும். சில வீடுகளில் அரிசி டின்னுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சண்டையில் மனமொடிந்தவர் கைக்கு அது எட்டக்கூடாது என்று, வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுக்கத் திட்டம் எழுதியிருக்கிறோம். புதுமையான யோசனை என்று நிதி தருபவர்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வேறெங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

வன்னியான் (ஓய்வுபெற்ற சமூக சேவைகள் உத்தியோகத்தர், வவுனியா):
பிள்ளை, பெட்டிக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எங்களுக்குப் பக்கத்து அநுராதபுரத்தில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 180 கிராமங்கள்; பாதிக்குப் பெட்டி, மீதிக்கு இல்லை. 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த ஊர்களிலும் நஞ்சருந்தியவர்கள் குறையவில்லை. பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில் என்றால் வேறென்ன நடக்கும்?

இலங்கையில் பலன் தந்தது தடை. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995இலும் எண்டோசல்பான் என்ற மருந்தை 1998இலும் நிறுத்தினார்கள். 2005க்குள் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாக இறங்கியது. விளைச்சலும் விழவில்லை. செத்த வீடுகளுக்கு விசாரணைக்குப் போய்ப் போய் மனம் மரத்திருந்தவன் நான். அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். நஞ்சின் வீரியம் குறைந்தால், ஆத்திரத்தில் குடித்தவரும் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வீட்டுக்கு வருகிறார். அப்படி வந்தவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

செங்கரும்பு:
தடை நம் கையில் இல்லை, சரி. உங்கள் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கம், தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சென்னை சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு ஊர்ப் பொதுக் கிடங்கு அமைத்துப் பார்த்தது. வங்கி லாக்கர் போல விவசாயிக்கு ஒரு பெட்டி, கிடங்கைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பாளர். சிறிய ஆய்வுதான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மருந்து வீட்டை விட்டு வெளியே போகிறது, எடுக்க வருபவரின் முகத்தை ஒரு மனிதர் பார்க்கிறார். வீட்டுப் பெட்டியில் இந்த இரண்டும் கிடையாது.

மல்லிகை:
மிக்க நன்றி ஐயா, நன்றி செங்கரும்பு. எங்கள் திட்டத்தில் பெட்டிக்கு மட்டும்தான் பணம். பொறுப்பாளர் சம்பளத்துக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. மருந்தடிக்கும் நேரத்தில் கிடங்கு திறந்திருக்காவிட்டால் பாட்டில் மறுபடி எரவாணத்துக்கே போய்விடும். திங்கட்கிழமை மகளிர் குழுக் கூட்டம் இருக்கிறது. சாவியை யார் வைத்துக்கொள்வது என்று அங்கேயே கேட்கிறேன்.