ஐசியூ மானிட்டர் ஓயாமல் கத்துகிறது: வால்யூமைக் குறைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி (ஐசியூ நர்ஸ், கோவை):
எங்கள் யூனிட்டில் மானிட்டர், வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப் மூன்றும் மாறி மாறி அடிக்கின்றன. ஓடிப்போய்ப் பார்த்தால் பெரும்பாலும் லீட் (ஈசிஜி வயர்) கழன்றிருக்கும், இல்லை நோயாளி கையை அசைத்திருப்பார். நைட் டியூட்டியில் சிலர் வால்யூமையே குறைத்துவிடுகிறார்கள். திட்டவும் மனசு வரவில்லை, காது மரத்துப்போகிறது. ஆனால் நிஜ அலாரத்தையும் இப்படியே விட்டுவிடுவோமோ என்று பயம். அதிலும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள தாத்தா ஒருவருக்குச் சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) அலாரம் நிற்பதே இல்லை.

பதில் (இன்சார்ஜ் சிஸ்டர்):
வால்யூமில் மட்டும் கை வைக்க விடாதீங்க சிஸ்டர். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அவர்களுக்கு வந்த அலாரம் தொடர்பான 98 சம்பவ அறிக்கைகளில் 80 மரணத்தில் முடிந்தவை.

தாத்தா விஷயம் சுலபம். சிஓபிடிக்கு வழக்கமாக 88–92 சதவீதம்தான் இலக்கு. அலாரத்தின் கீழ் எல்லை 90இலேயே இருந்தால் அடிக்காமல் என்ன செய்யும்? டாக்டரிடம் அவருக்கென்று எல்லையை எழுதி வாங்குங்க. ஷிஃப்ட் மாறும் ஹேண்ட்ஓவரிலும் சொல்லணும். அவர் போய் அந்த பெட்டுக்கு வேறு ஆள் வந்தால் பழைய எல்லையே நிற்கக்கூடும், அது இன்னும் ஆபத்து.

பதில் (பயோமெடிக்கல் இன்ஜினியர்):
பிபி கஃபும் சாச்சுரேஷன் ப்ரோபும் (விரலில் மாட்டும் கிளிப்) ஒரே கையிலா? கஃப் இறுகும்போதெல்லாம் விரலுக்கு ரத்தம் போகாது, அலாரம் அடிக்கும். மார்பில் ஒட்டும் ஈசிஜி எலக்ட்ரோடைத் தினமும் மாற்றுங்கள். தோலைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு வைத்தால் ஜெல் காய்ந்துவிடும் (எல்லா வார்டிலும் நான் பார்க்கும் காட்சி). சில மாடல்களில் சாச்சுரேஷன் அலாரத்துக்குச் சில விநாடி தாமதம் வைக்கலாம். அதை யூனிட் தலைவர் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும்.

உங்கள் ஊழியர்களைக் குறை சொல்லாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை ஐசியூக்களில் எண்ணிப் பார்த்தார்கள். ஒலித்தவை மட்டும் ஒரு பெட்டுக்கு ஒரு நாளைக்கு 187. சரிபார்த்த சீரற்ற இதயத்துடிப்பு அலாரங்களில் 88.8 சதவீதம் பொய்.

கேள்வி கேட்டவர்:
ஒரே கையில்தான் இருந்தது! மாற்றிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) ஏற்கெனவே தெரிந்த நோயாளிக்கு 'துடிப்பு சீராக இல்லை' என்றே அடிக்கிறது. அணைக்கலாமா?

பதில் (இன்சார்ஜ் சிஸ்டர்):
டாக்டர் ஆர்டர் இருந்தால் அந்த ஒன்றை மட்டும். இதயத்துடிப்பு எண்ணிக்கை, விடி, விஎஃப் (இதயக் கீழறைகளின் ஆபத்தான துடிப்புக் கோளாறுகள்), அசிஸ்டோல் (துடிப்பே நிற்பது) அலாரங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கணும்.