மறுமொழி: வான்படை விசாரணைக் கோப்புகளுக்குச் சொற்கள் – ‘துலங்காதவை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். வானில் இன்னதென்று தெரியாமல் தென்பட்டவை பற்றி அமெரிக்க வான்படை நடத்திய விசாரணைகளின் கோப்புகளுக்கு நம் தொகுப்பில் என்ன தமிழ்ச் சொற்கள் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்; வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘பறக்கும் தட்டு’ எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

கதை எழுதுகிறவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் ஐயா. விசாரணைக் கோப்புக்கு ஆகாது. 1947 ஜூன் 24 அன்று ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்ததைக் கண்ட விமானி கென்னத் ஆர்னால்டு, நீரின்மேல் வீசிய தட்டு தத்திப் போவதுபோல் அவை போயின என்றே தாம் சொன்னதாகப் பின்னர் விளக்கினார். அவர் சொன்னது போக்கை. செய்தித்தாள்கள் அதை வடிவமாக்கிவிட்டன. அமெரிக்க வான்படையின் ‘புளூ புக்’ விசாரணைக்குத் தலைமை தாங்கிய எட்வர்டு ரப்பெல்ட், எல்லா வடிவங்களையும் தட்டு என்பது பொருந்தாது என்றுதான் ‘யூஎஃப்ஓ’ (இன்னதென்று தெரியாத பறக்கும் பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வான்படையே கைவிட்ட சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

> ‘மர்மப் பொருள்’?

மாலை நாளிதழின் சுவரொட்டிக்கு நல்ல சொல்.

என் கவலை வேறு. ‘யூஎஃப்ஓ’வுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கோப்பில் இருப்பதோ மூன்று கூடைகள்: இன்னதென்று கண்டறிந்தவை, முடிவுசெய்யப் போதிய தகவல் இல்லாதவை, தகவல் இருந்தும் இன்னதென்று சொல்ல முடியாதவை. தமிழில் பின்னிரண்டையும் ‘அடையாளம் தெரியாதவை’ என்றே எழுதிவிடுகிறோம். 1955இல் வெளியான புளூ புக்கின் 14ஆம் சிறப்பறிக்கை 3,201 தகவல்களை அலசியது. தகவல் போதாதவை சுமார் 9 விழுக்காடு. மூன்றாம் கூடையில் விழுந்தவை சுமார் 22. நம்பகமான, விவரமான சாட்சியங்களில்தான் மூன்றாம் கூடையின் பங்கு கூடுதல். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்தச் செய்தியே காணாமல் போகும்.

சொகோரோ நிகழ்வைப் பாருங்கள். 1964 ஏப்ரல் 24 மாலை, நியூ மெக்சிகோ. வேகமாகப் போன காரைத் துரத்திய காவலர் லோனி சமோரா, இரைச்சல் கேட்டு, தீப்பிழம்பும் கண்டு, வெடிமருந்துக் கொட்டகை வெடித்துவிட்டது என்று வண்டியைத் திருப்பினார். பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ. கார் கவிழ்ந்துகிடக்கிறது என்றே முதலில் எண்ணினார். அருகே வெள்ளுடையில் இரு உருவங்கள். மீண்டும் பேரிரைச்சல், அது எழும்பிப் போய்விட்டது. தரையில் நான்கு பதிவுகளும் கருகிய புதர்களும் மிஞ்சின. புளூ புக்கின் ஆலோசகரான வானியலர் ஆலன் ஹைனெக் நேரில் சென்றார். அப்போது புளூ புக்கின் தலைவராக இருந்த கின்டனில்லா, நிலவில் இறங்கும் கலத்தின் ஒத்திகையாக இருக்குமோ என்றுகூட விசாரித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. கோப்பு மூன்றாம் கூடைக்குப் போனது. சாட்சி உண்டு, தடயம் உண்டு, விசாரணை உண்டு, விடை இல்லை.

இதற்கு நம் காவல் நிலையங்களில் சொல் தயாராக இருக்கிறது: துப்புத் துலங்கவில்லை. துப்புத் துலங்காத கொலை வழக்கில் கொலையாளி வேற்றுக் கிரகத்தவர் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. ஆகவே என் பரிந்துரை: ‘இனங்கண்டவை’, ‘தகவல் போதாதவை’, ‘துலங்காதவை’. புளூ புக் மூடப்பட்ட 1969 வரையிலான கணக்கை இப்படி எழுதலாம்: ‘மொத்தம் 12,618, துலங்காதவை 701’.

> பொதுப்பெயராக ‘இனந்தெரியாத வான்பொருள்’ வைக்கலாமே?

இலங்கை நண்பர் தனிமடலில் சொன்னதை அவர் இசைவுடன் எழுதுகிறேன். ‘இனந்தெரியாத’ என்றவுடன் அங்கே ‘இனந்தெரியாத ஆயுததாரிகள்’தான் நினைவுக்கு வருமாம். இன்னொரு சிக்கல் ‘வான்’. அமெரிக்க அரசு இவற்றுக்குத் தான் வழங்கும் ‘யூஏபி’ என்ற பெயரின் விரிவிலிருந்தே ‘வான்’ என்ற சொல்லை 2022இல் எடுத்துவிட்டது. கடலிலும் விண்வெளியிலும் தென்படுவனவும் இப்போது அதில் அடக்கம். ‘பொருள்’ என்பதும் அவசரம்; ஒளிச்சிதறல் பொருளாகாது. ‘இனங்காணாத் தோற்றம்’ என்றால் இவ்வளவுக்கும் இடமுண்டு.

புணர்ச்சி பற்றி குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். ‘துலங்காத தோற்றம்’ என்றால் வல்லினம் மிகாது. ‘துலங்காத் தோற்றம்’ என்று ஈறு கெட்டால் மிகும். அட்டவணைத் தலைப்புக்கு இரண்டாவது கச்சிதம், உடல்பகுதிக்கு முதலாவது. மறுப்பிருந்தால் அடுத்த தொகுப்பு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.