ஆட்டோமேட்டிக் முன்வீல் டிரைவ் காரில் பர்ன்அவுட்: கியர்பாக்ஸ் தாங்குமா?

சூலூர்_வடக்கு

வணக்கமுங்க. வண்டி 1.6 லிட்டர் டீசல், 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாக் கியர்பாக்ஸுக்குக் கடத்தற பாகம்) ஆட்டோமேட்டிக், முன்வீல் டிரைவ். டயர் 205/65 ஆர்16. ஹேண்ட்பிரேக் கையில இழுக்கிற லீவர் வகை, எலக்ட்ரானிக் இல்லை. முன்னாடி ரெண்டு டயரும் மாத்தற நிலைமைக்கு வந்தாச்சு. கழட்டறதுக்கு முன்னாடி தோட்டத்துக்குள்ள இருக்கிற சிமெண்டுக் களத்துல ஒருக்கா பர்ன்அவுட் (வண்டி நின்ன இடத்துலயே டயரைச் சுத்த விட்டுப் புகை கிளப்பறது) பண்ணலாம்னு இருக்குது. ரோட்டுல இல்லீங்க.

கால் பிரேக்கை அமுத்தீட்டு ஆக்சிலேட்டர் குடுத்தா 2,000 ஆர்பிஎம் பக்கத்துலயே முள்ளு நின்னுக்குது, வீல் சுத்தறதில்லை. நியூட்ரல்ல 3,500 வரைக்கும் ஏத்தீட்டு டக்குனு டி-க்குத் தட்டுனா சுத்தும்னு சொல்றாங்க. அது சரிங்களா? அப்புறம், ஒரு வீல் மட்டும்தான் சுத்துமா, ரெண்டும் சுத்துமா?

பீளமேடு_பட்டறை

அந்த நியூட்ரல் வேலையை மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. டி-க்குத் தட்டும்போது உள்ளே முதல் கியர் கிளட்ச் சேருது. அது 700, 800 ஆர்பிஎம் ஐட்லிங்ல சேர்றதுக்குன்னு செஞ்சது. 3,500-ல சுத்தற இன்ஜினையும் கன்வர்ட்டரையும் அதுமேல இறக்கினா தட்டுல இருக்கிற உராய்வுப் பூச்சு கருகும். அதே நேரத்துல டயர் தரையைப் பிடிச்சுக்கிச்சுன்னா அந்த அடி முழுசும் டிரைவ் ஷாஃப்டுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் (ரெண்டு முன்வீலுக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரத் தொகுதி) போகும். ஒரே தட்டுல ஷாஃப்ட் முறியறதும் உண்டு, முறியாம உள்ளே சில்லுத் தெறிச்சு ஆறு மாசம் கழிச்சுத் தெரியறதும் உண்டு.

2,000-ல நிக்கிறது கோளாறில்லை. அதுக்குப் பேரு ஸ்டால் வேகம். வீல் பூட்டிக் கிடக்குது, கன்வர்ட்டர் உள்ளே டர்பைன் நிக்குது, இன்ஜின் பக்கத்துப் பம்ப் மட்டும் எண்ணெயைத் தள்ளிக்கிட்டே இருக்குது. அதுக்கு மேல தள்ள இன்ஜினுக்குச் சத்து இல்லாத இடத்துல முள்ளு நிக்கும். கம்பெனி கன்வர்ட்டருக்குப் பெரும்பாலும் 1,800-லிருந்து 2,500-க்குள்ள வரும். இது போக, ரெண்டு பெடலும் ஒண்ணா அமுங்கினா இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) தானாவே த்ராட்டிலைக் குறைக்கிற வண்டியும் நிறைய இருக்குது.

கால் பிரேக் முறையே உங்க வண்டிக்கு ஒத்துவராது. கால் பிரேக் நாலு வீலையும் பிடிக்கும், அதுலயும் முன்வீலைத்தான் எச்சாப் பிடிக்கும். எந்த வீல் சுத்தணுமோ அதையே பிடிச்சு வெச்சுட்டு இன்ஜினோட மல்லுக்கட்டற கதை. ஹேண்ட்பிரேக் பின்வீலை மட்டும் பிடிக்கும். முன்வீல் டிரைவுக்கு அதுதான் வழி.

இப்போ சூட்டுக் கணக்கைப் பாருங்க, எல்லாமே அதுலதான் இருக்குது. ஸ்டால்ல 2,200 ஆர்பிஎம், 200 நியூட்டன் மீட்டர்னு வெச்சா 46 கிலோவாட். கெணத்து மோட்டார் கணக்குல சொன்னா 5 எச்பி மோட்டார் பன்னெண்டு ஓடற சக்தி, ஒரு துளி கூட வேலை செய்யாம கன்வர்ட்டர் உள்ளே இருக்கிற ரெண்டரை லிட்டர் எண்ணெயில சூடா இறங்குது. 5 செகண்டுக்கு ஏறக்குறைய 50 டிகிரி ஏறும். ஓடி வந்த வண்டியில எண்ணெய் ஏற்கெனவே 90-ல இருக்கும், 140-க்குப் போயிரும். 120-க்கு மேல எண்ணெய் வேகமாக் கெடும், அதுக்கும் மேல போகப் போக ரப்பர் சீல் இறுகி வெடிப்பு விடும். அதனாலதான் பட்டறையில ஸ்டால் டெஸ்ட் பண்ணும்போதும் 5 செகண்டுக்கு மேல வைக்கிறதில்லை.

ஆனா வீல் சுத்த ஆரம்பிச்சுட்டா கன்வர்ட்டர்ல நழுவல் குறைஞ்சு, சூடு டயருக்குப் போயிரும். ஆக, ஆக்சிலேட்டர் குடுத்து 2 செகண்டுல வீல் பிச்சுக்கலைன்னா உடனே காலை எடுத்துடணும். இன்னும் கொஞ்சம் அமுத்திப் பாக்கலாம்னு நினைக்கிற அந்த அஞ்சு செகண்டுதான் கியர்பாக்ஸைத் தின்னும்.

செய்யற முறை இதுங்க. ஈஎஸ்சி (வண்டி வழுக்காமப் பாத்துக்கிற எலக்ட்ரானிக் அமைப்பு) பட்டனைச் சும்மா தட்டாம சில செகண்ட் அமுத்திப் பிடிங்க. பல வண்டியில ஒரு தட்டுக்கு டிராக்ஷன் கண்ட்ரோல் மட்டும்தான் அணையும், அமுத்திப் பிடிச்சாத்தான் முழுசா அணையும். ஸ்டியரிங் நேரா. கியர் மேனுவல் முறையில 1. டி-ல விட்டா வீல் வேகம் பார்த்து ரெண்டுக்குத் தாவும். ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுத்து, கால் பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரை உதைக்காம ஒரே சீரா முக்கால் வரைக்கும் அமுத்துங்க. சுத்த ஆரம்பிச்சதும் 3,000 ஆர்பிஎம் பக்கத்துல பிடிச்சு நிறுத்துங்க. 4, 5 செகண்ட் போதும். முடிக்கும்போது ஆக்சிலேட்டரை முழுசா விட்டு, வீல் நின்ன பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்கணும். சுத்திக்கிட்டு இருக்கும்போது இறக்கினா, டயர் காய்ஞ்ச இடத்துல ஏறின நொடியே நியூட்ரல்ல இருந்து தட்டின அதே அடி விழும்.

முன்பக்கம் தடதடன்னு குதிச்சா அப்பவே விட்டுடுங்க. டயர் பிடிச்சுப் பிடிச்சு விடறதுல வர்ற குதிப்பு அது. கீழ் இன்ஜின் மவுண்ட் கிழியறது, லோயர் ஆர்ம் புஷ் பிதுங்கறது, சிவி ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்ட் முனையில இருக்கிற மூட்டு) முறியறது எல்லாம் இந்தக் குதிப்புலதான்.

ஈரோடு_மெக்கானிகல்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். விடுபட்டது ஒன்று: ஹேண்ட்பிரேக் மட்டும் வண்டியை நிறுத்திவிடாது. ஓட்டுபவரோடு 1,350 கிலோ எடை என்று கொள்வோம். முன்வீல்கள் மேல் 60 சதவீதம், அதாவது 810 கிலோ. பின்வீல்கள் மேல் 540. காய்ந்த தரையில் சுழலும் டயரின் உராய்வு ஏறத்தாழ 0.7, முன்பக்கம் தள்ளும் விசை 567 கிலோ. பூட்டிய பின்வீல்கள் 0.8 என்று வைத்தாலும் 432 கிலோதான் தாங்கும். ஆகவே தரை முழுக்கக் காய்ந்திருந்தால் வண்டி பின்டயர்களை இழுத்துக்கொண்டு முன்னால் போகும். புகையும் வராது, நல்ல பின்டயர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும்.

முன்டயர்களுக்கு அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் உராய்வு 0.4-க்கு இறங்கும், தள்ளும் விசை 324 கிலோ ஆகும். பின்டயர் நிற்கும் இடம் சொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு டயருக்கு அரை வாளி போதும். தண்ணீர் ஆவியான பிறகுதான் உண்மையான புகை வரும். அந்த நேரத்தில் உராய்வு மறுபடி ஏறி வண்டி நகரப் பார்க்கும், காலை எடுக்க வேண்டிய அறிகுறியும் அதுவே.

ஹேண்ட்பிரேக் கேபிளின் நிலை தனி விஷயம். அது வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பதற்காகச் செய்தது; ஐந்துக்கு ஒன்று சரிவில் இந்த வண்டியை நிறுத்த 265 கிலோ விசை போதும். அதற்கு மேல் கேபிள் எவ்வளவு பிடிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். லீவர் எட்டு, ஒன்பது பல் ஏறிய பிறகுதான் பிடிக்கிறது என்றால் முதலில் கேபிளை இறுக்குங்கள். அதோடு பின்வீல்களுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை வையுங்கள். உங்கள் டயரின் விட்டம் 67 சென்டிமீட்டர், கட்டை குறைந்தது அதில் கால்வாசி, 17 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். தென்னை மரத்தில் கயிறு கட்டிப் பின்னால் இழுத்து வைப்பது வேண்டவே வேண்டாம். அறுந்த கயிறு ஆளை அடிக்கும்.

ஒரு வீலா, ரெண்டா என்ற கேள்விக்கு: சாதாரண ஓபன் டிஃபரென்ஷியல் ரெண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். பிடிப்பு குறைந்த பக்கம் முதலில் நழுவும், பிறகு அது மட்டுமே சுழலும். ரெண்டும் சுழல வேண்டுமானால் காற்றழுத்தம், தேய்மானம், ஈரம் மூன்றும் ரெண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியும் பெரும்பாலும் ஒன்றுதான் சுழலும்.

அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் ஸ்பீடோமீட்டர் ரெண்டு வீலின் சராசரியைத்தான் காட்டும். ஒரு வீல் நின்று மற்றது சுழன்றால், மீட்டரில் 60 என்றால் அந்த வீல் 120-ல் சுழல்கிறது. சேற்றில் மாட்டிய வண்டிக்கே மீட்டர் 55-ஐத் தாண்ட விடாதீர்கள் என்று டயர் கம்பெனிகள் எச்சரிப்பது இதனால்தான். நின்ற இடத்தில் சுழலும் டயர் வெடித்தால் ஃபெண்டர் கிழியும். டயருக்கு நேர் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. படம் எடுப்பவர் பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

டிஃபரென்ஷியல் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்கள் வளைவில் மெதுவாகத் திரும்புவதற்காகச் செய்தவை. ஒரு வீல் மட்டும் வேகமாகச் சுழலும்போது அவையும் தங்களைத் தாங்கும் குறுக்குப் பின் (சிறு தண்டு) மேல் வேகமாகச் சுழலும். பின்னுக்கு எண்ணெய் எட்டாமல் உராய்ந்து கடிக்கும். அந்தக் குறுக்குப் பின் உடைந்தால் கேஸ் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். 5 செகண்ட் என்ற வரம்பு கன்வர்ட்டருக்கு எவ்வளவு முக்கியமோ, இந்தப் பின்னுக்கும் அவ்வளவு முக்கியம்.

சூலூர்_வடக்கு

ரொம்ப நன்றிங்க, ரெண்டு பேரும் இத்தனை விவரமாச் சொன்னதுக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். மாத்தற டயர் கம்பி தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்குது, அதுலயே பண்ணலாங்களா, இல்லை கோவை உக்கடத்துல பழைய டயர் ரெண்டு வாங்கிக்கட்டுங்களா? கூட்டாளி ஒருத்தன்கிட்ட சிவிடி இருக்குது, இன்னொருத்தன்கிட்ட ஏஎம்டி. அதுலயும் இதே முறைதானுங்களா?

பொள்ளாச்சி_ரோடு

கம்பி தெரியற டயர் வேண்டாங்ணா, அது எந்த நொடியிலயும் வெடிக்கலாம். டயர் பட்டன் (தரையைத் தொடற மேல்பக்க வரி) 2 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கணும், பக்கவாட்டுல வெடிப்பு, வீக்கம் இருக்கக் கூடாது. பழசு வாங்கினா பக்கவாட்டுல நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2319-ன்னா 2019-ம் வருசம் 23-வது வாரம் செஞ்சது. ஆறு வருசம் தாண்டினதைத் தொடாதீங்க. ரீட்ரெட் பண்ணினதும் ஆகாது, சூட்டுல பட்டன் பட்டை அப்படியே உரிஞ்சு சாட்டையாட்டம் அடிக்கும். முன்டயர்ல 38, 40 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தலாம், டயர் மேல போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாம. பின்டயருக்குக் கம்பெனி அளவே இருக்கட்டும்.

சிவிடி: வேண்டாம். ரெண்டு புல்லிக்கு நடுவுல எஃகு பெல்ட் அழுத்தத்துல பிடிச்சு ஓடுது. சுத்தற வீல் திடீர்னு தரையைப் பிடிச்சா பெல்ட் புல்லி மேல வழுக்கும். ஒருக்கா கோடு விழுந்தா அந்தப் புல்லியைத் தேய்ச்சுச் சரி பண்ண முடியாது. பெட்டியவே மாத்த வேண்டி வரும்.

ஏஎம்டி: அது சாதா மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்சை மட்டும் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ அமுத்தி விடுது. கால் பிரேக் அமுத்தினா கிளட்ச் விலகிக்கும். ஹேண்ட்பிரேக்ல பண்ணினா கிளட்சைப் பொசுக்குனு விடாம மெல்ல மெல்ல விடும், பிளேட் கருகின வாசம் தோட்டம் முச்சூடும் அடிக்கும். எண்ணெயில முங்காத காய்ஞ்ச கிளட்ச் வெச்ச டிசிடி-யும் (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்) இதே கதைதான், சூடு ஏறினா மீட்டர்ல எச்சரிக்கை காட்டி கிளட்சைத் திறந்துக்கும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருக்கிற வண்டியில ஆக்சிலேட்டர் அமுத்தினதும் பிரேக் தானா விட்டுடும், வண்டி பாய்ஞ்சிரும். உங்க கன்வர்ட்டர் வண்டி ஒண்ணுதான் இதுக்குத் தோது.

காங்கயம்_மேற்கு

களம்னு சொன்னீங்களே, அதுல கொப்பரை காயப் போடறதுண்டுங்களா? உண்டுன்னா அங்க வேண்டாமுங்க. உருகின ரப்பர் சிமெண்டுத் துளைக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கும், கழுவினா போகாது. அந்தக் கறை மேல காயற கொப்பரையைத்தான் அப்புறம் எண்ணெய்க்கு ஆட்டறோம். நெல்லு, மக்காச்சோளம் காயப் போடற களமும் அப்படித்தான். லாரி நிக்கிற கான்கிரீட் தளம் இருந்தா அங்க பண்ணுங்க. சுத்தியும் காய்ஞ்ச மட்டை, சருகு இல்லாமக் கூட்டிவிட்டு, 2 கிலோ தீயணைப்பான் ஒண்ணும் ரெண்டு கொடம் தண்ணியும் பக்கத்துல வெச்சுக்குங்க.

ஆள் குடியேறாத சைட்டுக்குள்ள இருக்கிற தார் ரோடு சும்மாத்தானே கிடக்குதுன்னு போயிடாதீங்க. பொதுமக்கள் போக உரிமை இருக்கிற எந்த இடமும் மோட்டார் வாகனச் சட்டத்துல பொது இடம்தான். 184-வது பிரிவுல முதல் தடவைக்கே 6 மாசத்துலயிருந்து 1 வருசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 1,000-லிருந்து 5,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்த்தும் விதிக்கலாம். பைபாஸ் பக்கம் நினைக்கவே வேண்டாம், அங்க ராத்திரியில பைக்குல குடும்பத்தோட போறவங்க எத்தனை பேரு. தோட்டத்துல இடம் தோதுப்படலைன்னா, கோவை பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு பந்தயத் தடம் இருக்குது, 2.1 கிலோமீட்டர், 2003-ல திறந்தது. அங்க நிகழ்ச்சி நடத்தறவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டுப் பாருங்க.

பீளமேடு_பட்டறை

முடிஞ்ச பிறகு செய்ய வேண்டியதைச் சொல்ல விட்டுப்போச்சு. இன்ஜினை உடனே அணைக்காதீங்க. நியூட்ரல்ல ஹேண்ட்பிரேக்கோட ரெண்டு, மூணு நிமிசம் ஐட்லிங்ல ஓடட்டும், எண்ணெய் கூலர் வழியாச் சுத்தி ஆறும். ரெண்டாவது தடவை பண்றதா இருந்தா 15 நிமிசமாவது இடைவெளி. ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம்.

முன்வீல் ஓடி பின்வீல் நின்னதால ஏபிஎஸ், ஈஎஸ்சி லைட் எரியலாம். பல வண்டியில அணைச்சுப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினா போயிரும், போகலைன்னா ஸ்கேனர் வெச்சு அழிச்சுக்கலாம்.

மறுநாள் கியர்பாக்ஸ் எண்ணெயில நாலு சொட்டு வெள்ளைத் துணியில விட்டுப் பாருங்க. சிவப்போ, லேசான பழுப்போ இருந்தா வெசனமில்லை. கறுத்து, கருகின வாசம் அடிச்சா மாத்திடுங்க. கீழ்த் திருகைக் கழட்டினா 4 லிட்டர் அளவுக்குத்தான் இறங்கும், மிச்சம் கன்வர்ட்டர்லயே தங்கிக்கும். அதனால ஒருக்கா மாத்தி 500 கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப ஒருக்கா மாத்தணும். கையேட்டுல போட்டிருக்கிற எண்ணெய் வகைதான், வேற எதையும் ஊத்தாதீங்க. வடியற திருகுல காந்தம் இருந்தா அதையும் பாருங்க: மை மாதிரி நைசா ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம், நகத்துல நெருடற சில்லு இருந்தா டிஃபரென்ஷியலைத் திறந்து பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.