வேரைத் தோண்டிப் பார்த்தீர்களா? – தீவனப் பயிரில் நுண்ணுயிர் கலந்தவர்களின் அனுபவப் பகிர்வு

குதிரை மசால் வளர்ப்பவர்

விதையோடு ரைசோபியம் (பயறுவகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா) கலந்து விதைத்தவர்களிடம் "பலன் எப்படி?" என்று கேட்டால் "பச்சையாத்தான் இருக்கு" என்கிறார்கள். இலையின் பச்சையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து இருந்தாலும் இலை பச்சையாகத்தான் நிற்கும். வேரைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

முளைத்து நாலைந்து வாரம் ஆனதும் செடியைச் சுற்றி மண்வெட்டியை இறக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்து எடுப்பேன். கையால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். கட்டியை வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக அலசினால் முடிச்சுகள் தெரிய ஆரம்பிக்கும். மசாலில் நீளவாக்கில் இருக்கும், சில சமயம் விரல்போலப் பிரிந்திருக்கும். சோயாவில் உருண்டையாக இருக்கும்.

ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற, நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் போன்ற புரதத்தால் வருவது. காற்றில் 78 சதவீதம் இருக்கிற நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிடவும் ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து கொடுக்கிறது. எத்தனை தடவை கிள்ளிப் பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் இளசு, இல்லாவிட்டால் உதவாத இனம் குடியேறியிருக்கிறது. பச்சையாக மாறியிருந்தால் அந்த முடிச்சின் ஆயுள் முடிந்துவிட்டது.

முடிச்சு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆணிவேரின் மேல்பகுதியில், விதை விழுந்த இடத்தை ஒட்டிக் கொத்தாக இருந்தால், நாம் விதையில் ஒட்டியது பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். பக்கவேர்களில் பொடிப்பொடியாகச் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் மண்ணில் முன்பே இருந்த இனத்தின் வேலை.

ஆடு வளர்ப்பவர்

அண்ணா, தட்டைப்பயறுக்கு வாங்கிய ரைசோபியம் பொட்டலம் மீதி இருக்கிறது. மசால் விதைக்குக் கலக்கலாமா?

குதிரை மசால் வளர்ப்பவர்

வேண்டாம் தம்பி, வீணாகிவிடும். மசாலுக்கு வேண்டியது சைனோரைசோபியம் மெலிலோட்டி. தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, நிலக்கடலை எல்லாம் பிராடிரைசோபியம் கூட்டம். சோயாவும் பிராடிரைசோபியம்தான், ஆனால் அதற்குரிய இனம் வேறு. கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம். வேர் தன் வகைக்கேற்ற ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருள்களைக் கசியவிடும். அதை அடையாளம் கண்டுகொள்ளும் பாக்டீரியா மட்டுமே பதில் சமிக்ஞை அனுப்பி வேர்த்தூவிக்குள் நுழையும். ஜெர்மன் ஆய்வாளர்கள் நோபெயும் ஹில்ட்னரும் 1896இல் 'நைட்ரஜின்' என்ற ரைசோபியம் தயாரிப்புக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலேயே பயிருக்குப் பயிர் தனி வளர்ப்புதான்.

இன்னொன்று. தட்டைப்பயறு பலமுறை விளைந்த நிலத்தில் அதற்கான பாக்டீரியா மண்ணிலேயே ஏராளமாக இருக்கும். பொட்டலம் கலந்தும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மசாலோ சோயாவோ முதல்முறை போகிற நிலத்தில்தான் பலன் பளிச்சென்று தெரியும். செலவழிப்பதென்றால் முதலில் அங்கே செலவழி.

அமில மண் விவசாயி

எங்கள் நிலத்தின் கார அமிலநிலை (pH) 5.5க்கும் கீழே. மசால் முளைத்தது, பிறகு வெளிறிப்போய் அப்படியே நின்றது. தோண்டினால் வேர் வழவழவென்று இருந்தது, ஒரு முடிச்சுகூட இல்லை. மசாலின் பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகவே ஆகாது. விதைப்புக்கு வெகு முன்பே சுண்ணாம்பு இட்டு 6.5க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் வேரில் சிவப்பைப் பார்த்தேன். அமில மண்ணில் மாலிப்டினமும் செடிக்குக் கிடைக்காது. அது இல்லாமல் நைட்ரஜனை மாற்றும் நொதியே உருவாகாது.

இப்போது விதையைக் கோந்துக் கரைசலில் பிசறி, பாக்டீரியாவை ஒட்டவைத்து, அதன்மேல் மாவுபோல அரைத்த சுண்ணாம்புக்கல் தூளைப் பூசுகிறேன். நீற்றிய சுண்ணாம்பைத் தொடவே கூடாது, அதன் காரம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுவேன். பூஞ்சாணக்கொல்லி அவசியம் என்றால் அது முதலில், பூச்சிக்கொல்லி அடுத்து, ரைசோபியம் கடைசியில். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடாது.

ஆடு வளர்ப்பவர்

நானும் தோண்டிப் பார்த்தேன். பயறு வேரில் நிறைய முண்டுமுண்டாக இருக்கிறது, ஆனால் செடி வாடுகிறதே?

அமில மண் விவசாயி

கட்டைவிரலால் தள்ளிப் பார் தம்பி. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தள்ளினால் தனியாக உதிரும். வேரே வீங்கியிருந்து உதிராமல் நின்றால் அது வேர்முடிச்சு நூற்புழு. அதற்குப் பாக்டீரியாப் பொட்டலத்தால் ஒன்றும் ஆகாது.

பால்மாட்டுப் பண்ணைக்காரர்

அறுவடைக்குப் பிறகும் பாக்டீரியாவின் உதவி தேவைப்படுகிறது. மசாலைச் சைலேஜ் போடுவது, அதாவது காற்றுப் புகாமல் குழியில் அமுக்கிப் புளிக்கவைப்பது, மக்காச்சோளம் போல எளிதல்ல. சர்க்கரை குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம் என்பதால் புளிப்பு ஏற மறுக்கும். மெதுவாகப் புளித்தால் கிளாஸ்ட்ரிடியம் என்ற, தீவனத்தைக் கெடுக்கும் பாக்டீரியா புகுந்துவிடும். குழியைத் திறந்ததும் முடைநாற்றம் அடிக்கும், மாடு முகம் திருப்பிக்கொள்ளும். அறுத்ததை வெயிலில் வாட்டி, உலர்பொருள் 35–40 சதவீதம் வந்ததும் நறுக்கி, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியாவைத் தெளித்து அமுக்குகிறேன். ஒரு கிராம் பசுந்தீவனத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் உயிருள்ள பாக்டீரியா விழ வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரில் கரைக்காதீர்கள். திறந்த பிறகு சூடேறுவதுதான் உங்கள் தொல்லை என்றால் பிளான்டாரத்தைவிட அதே கூட்டத்து லாக்டோபேசில்லஸ் பூச்னெரி நல்லது. அது உண்டாக்கும் அசிட்டிக் அமிலம் ஈஸ்ட்டை அடக்கும்.

வாட்டாமல் பாக்டீரியாவை மட்டும் நம்புவது பயனில்லை. நறுக்கியதைக் கைப்பிடியில் இறுக்கும்போது சாறு சொட்டினால் இன்னும் காய வேண்டும்.

சவுண்டல் தோப்பு வைத்திருப்பவர்

வேரிலும் குழியிலும் இல்லாத மூன்றாவது இடத்தை நான் சொல்கிறேன்: மாட்டின் வயிறு. சவுண்டல் (சூபாபுல்) தழையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது அசைபோடும் வயிற்றில் டிஹெச்பி என்ற இன்னொரு நச்சாக மாறித் தைராய்டைக் கெடுக்கும். முடி உதிரும், எச்சில் வடியும், கழுத்தில் கழலை வரும், தீனி இருந்தும் உடம்பு தேறாது. ஹவாய் ஆடுகள் இதைத் தின்றும் நன்றாக இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். அவற்றின் வயிற்றிலிருந்த பாக்டீரியாவை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றி வெற்றி கண்டதை 1986இல் ஜோன்ஸும் மெகாரிட்டியும் வெளியிட்டார்கள். 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு ஜோன்ஸின் பெயராலேயே சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் சூட்டினார்கள். குயின்ஸ்லாந்தில் அதை வளர்த்து, மாட்டுக்கு வாய்வழி புகட்டும் மருந்தாகவே கொடுக்கிறார்கள். மந்தையில் சிலவற்றுக்குப் புகட்டினால் மற்றவற்றுக்கும் தானே பரவும்.

இந்தப் பாக்டீரியா வயிற்றில் உண்டா என்று தெரியாதவரை, மாட்டுத் தீவனத்தில் சவுண்டலை 30 சதவீதத்துக்கு மேல் விடாதீர்கள். குதிரைக்கு இந்தத் தற்காப்பே கிடையாது, பிடரி மயிர் கொட்டிவிடும். அதற்குச் சவுண்டலைத் தவிர்த்துவிடுங்கள்.