அரியண்டம் என்று விலக்கும் முன்: பிள்ளைகளோடு பார்த்தவை

கோண்டாவிலிலிருந்து ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

வளவில் நிற்கும் தேசி மரத்தைக் காட்டி, "இலையெல்லாம் குருவி எச்சம்" என்று முகத்தைச் சுளித்தாள் அக்காவின் மகள். "கொஞ்சம் பொறுத்துப் பார், பிள்ளை" என்றேன். எச்சம் மெல்ல நகர்ந்தது. கறுப்பும் பழுப்பும் கலந்த உடல், நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரம் காயாத மினுக்கம். அத்தனையும் வண்ணத்துப்பூச்சிப் புழு போட்ட வேடம். எச்சத்தைக் கொத்தித் தின்ன எந்தக் குருவி ஆசைப்படும்?

உடல் பெருத்த பிறகு இந்த வேடம் எடுபடாது. அவ்வளவு பெரிய எச்சம் எங்கும் கிடையாது! அதனால் கடைசித் தோலுரிப்போடு புழு இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடுகிறது. அப்படி வளர்ந்த ஒன்றை ஈர்க்கால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குப் போல இரண்டாகப் பிளந்த செம்மஞ்சள் உறுப்பு ஒன்று வெளியே நீண்டது. கூடவே மூக்கைத் துளைக்கும் புளித்த நாற்றம். எறும்புகளையும் வேட்டைப் பூச்சிகளையும் விரட்டுவதற்கான நாற்றம் அது. மூக்கைப் பொத்தியபடியே, "இன்னொரு தரம் தொடுங்கள் சித்தி" என்றாள். நான் மறுத்துவிட்டேன். அந்த நாற்றத்தை உண்டாக்கப் புழு தன் உணவிலிருந்துதான் செலவழிக்கிறது. நம் வேடிக்கைக்காக அதை வீணாக்கக் கூடாது. தேசி இலையைப் புழு அரிக்கிறது என்று உடனே மருந்தடிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒரு கிளையையாவது பிள்ளைகளுக்காக விட்டுவையுங்கள்.

சுன்னாகத்திலிருந்து, முயல் வளர்ப்பவர்:

முயல் தன் புழுக்கையையே தின்கிறதே, நோயா என்று இங்கே ஒரு தாய் கேட்டிருந்தார். நோயில்லை, தங்கச்சி. கூட்டுக்குக் கீழே உருண்டு கிடக்கும் காய்ந்த புழுக்கையை அது தொடாது. தின்பது வேறொரு வகை: மென்மையாக, கொத்தாக, பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வருவது. அதைக் குதத்திலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். புல்லை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் முயலுக்குச் சிறுகுடலைத் தாண்டித்தான் இருக்கின்றன. அங்கே உருவாகும் பி வகை விற்றமின்களும் புரதமும் உடம்பில் முழுதாகச் சேர, உணவு இன்னொரு தரம் உள்ளே போக வேண்டும். மாடு அசைபோடுவதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. முயல் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

குருநகரிலிருந்து, கடலட்டைப் பண்ணையில் வேலை செய்பவர்:

பண்ணை பார்க்க வரும் பிள்ளைகளிடம், கடலடியில் ஊரும் வெள்ளரிக்காய் வடிவ உயிரான கடலட்டையைக் காட்டி முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "இது எதனால் மூச்சு விடுகிறது?" வாய், மூக்கு, செவுள் என்று எல்லாம் சொல்லி முடிப்பார்கள். குதத்தால் என்றதும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். குதம் வழியாகக் கடல்நீரை உள்ளே இழுக்கும். உள்ளே மரக்கிளை போலப் பிரிந்திருக்கும் குழாய்கள் அந்த நீரிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். பிறகு நீர் வந்த வழியே வெளியேறும். தெளிந்த தண்ணீரில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தால் அந்தத் துவாரம் திறந்து மூடுவது தெரியும்.

நாங்கள் வளர்க்கும் வெள்ளை அட்டை சேற்றையும் மணலையும் விழுங்கி, அதில் கலந்திருக்கும் உக்கலை மட்டும் செரித்துக்கொண்டு மணலைத் திருப்பி விட்டுவிடும். கடலடியைக் கிளறிச் சுத்தமாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பிள்ளைகள் ஓடிப்போய்த் தள்ளி நிற்பது அடுத்த கதைக்குத்தான். மிரண்டுபோன அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். பிடிக்க வந்த விலங்கு குடலைத் தின்றுகொண்டிருக்கும்போது அட்டை தப்பிவிடலாம். புதுக் குடல் சில வாரங்களில் வளர்ந்துவிடும், ஆனால் அதுவரை அதனால் ஒழுங்காகத் தின்ன முடியாது, உடம்பு மெலியும். கொண்டுபோகும் வழியில் தண்ணீர் சூடேறினாலும் இப்படி நடக்கும். அதனால்தான் யாரையும் அட்டையை அழுத்திப் பிடிக்க விடுவதில்லை. பார்க்க ஆசைப்படும் பிள்ளை தண்ணீருக்குள் கையை விரித்து வைத்தால் போதும். அட்டையை நானே எடுத்து உள்ளங்கையில் வைப்பேன்.