லொக் ஓ ஏரிக்கரைக் கோட்டை: 'கிளான்' என்பதைக் 'குடி' என்று எழுதலாமா?

புளியந்தீவு வாசகன்:
வணக்கம். கிளாஸ்கோவில் வசிக்கும் என் மச்சான், ஸ்கொட்லாந்தின் லொக் ஓ என்னும் ஏரியின் வடகிழக்கு முனையிலுள்ள கில்ஹேர்ன் கோட்டையின் படங்களை அனுப்பியிருந்தார். கூரையில்லாத கற்சுவர்களைச் சுற்றி நீர் தெரிகிறது. முற்றத்தில் சிறு கோபுரமொன்று தலைகீழாகக் கிடக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய நமது மட்டக்களப்பு வாவிக்கரைக் கோட்டையை நாள்தோறும் கடந்து வேலைக்குப் போகிறவன் நான். அங்கோ கட்டியவர்கள் அந்நியரல்லர், அவ்விடத்துக் 'கிளான்' (clan) என்னும் உறவுக்கூட்டம் ஒன்றுதான் என்பது வியப்பாக இருந்தது. எங்கள் வாசகர் வட்டத்தின் கையெழுத்து இதழுக்கு இதை எழுத எண்ணியுள்ளேன். அதன் வரலாற்றையும், 'கிளான்' என்பதை நம்மூர் வழக்கில் 'குடி' என்று எழுதலாமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்லடியான்:
கிளெனோர்க்கியின் முதல் பிரபுவான சர் கொலின் கேம்பெல் 1450ஆம் ஆண்டளவில் ஐந்து மாடிக் கோபுரவீடு ஒன்றை அங்கே எழுப்பினார். மற்றவை பின்னர் வந்தவர்கள் சேர்த்தவை. அன்று அது ஏரிக்குள் ஒரு சிறு தீவு. 1817இல் ஏரியின் நீர்மட்டம் தாழ்த்தப்பட்ட பின்னரே கரையோடு சேர்ந்தது. ஆகவே படத்தில் தெரியும் புல்வெளியை மனத்தால் நீரில் மூழ்கடித்துவிட்டுப் பாருங்கள், அந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்கிவிடும். புளியந்தீவில் இருப்பவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1690களில் அதே கேம்பெல் வழிவந்த பிரெடால்பன் பிரபு 200 வீரர் தங்கக்கூடிய படைமனையைக் கட்டினார். 1760இல் இடி விழுந்து பெருஞ்சேதம் ஏற்படவே கோட்டை கைவிடப்பட்டது.

அந்நியர் கட்டவில்லை என்கிறீர்களே, அதை மக்கிரெகர் கிளானிடம் கேட்க வேண்டும். கேம்பெல்கள் வருவதற்கு முன்பு கிளெனோர்க்கி அவர்களுடைய நிலம். பிற்காலத்தில் அவர்களில் ஒரு கிளையினரே கேம்பெல்களுக்காக அந்தக் கோட்டையைக் காவல் காத்தும் வந்தார்கள்.

மண்டூர் ஆசிரியர்:
தம்பி, 'குடி' என்று எழுதினால் நம்மவர் தவறாக விளங்கிக்கொள்வர். நமக்குக் குடி தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடி, ஒரே குடிக்குள் மணமில்லை, கோயில் திருவிழா நாள்களும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் குடிக்குக் குடி பகிரப்படும். அங்கே பெயரும் உரிமையும் தந்தைவழி.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதென்பதற்கு ஒன்று சொல்கிறேன். மக்கிரெகர் தலைவர் கிரெகர் மணந்தது ஒரு கேம்பெல் பெண்ணை. அவரை 1570இல் தலை வெட்டிக் கொன்றவர் கில்ஹேர்னின் அன்றைய உரிமையாளரான கொலின் கேம்பெல். கிரெகரின் மகன் அலஸ்டெயர் மக்கிரெகர்களின் தலைவராக வளர்ந்து, 1603இல் கிளென் புரூயின் பள்ளத்தாக்கில் கொல்கூன் என்ற வேறொரு கிளானோடு நடந்த சண்டைக்குப் பின்னர் பிடிபட்டு, 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். நம்மூர் முறைப்படி பார்த்தால் அந்தப் பிள்ளை தாயைக் கொண்டு கேம்பெல் குடியல்லவா? தந்தைவழியில் போனதால் மாமன் வீட்டாருக்கே பகையாளியானான்.

அக்கரைப்பற்று நானா:
ஆசிரியர் சொன்னது சரி. எங்கள் முஸ்லிம் ஊர்களிலும் குடி தாய்வழிதான். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரைக் குடிவாரியாக எடுத்த வழக்கமும் அதனால் வந்ததே. 'குலம்' என்றாலும் சாதியாகக் கொண்டுவிடுவார்கள் என்பதால், 'கிளான்' என்றே எழுதி, தலைவனுக்குக் கட்டுப்பட்ட தந்தைவழி உறவுக்கூட்டம் என்று ஒரு முறை விளக்கிவிடுவது நல்லது.

பெயரின் பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளென் புரூயின் சண்டைக்காக மக்கிரெகர் என்ற பெயரையே வைத்திருக்கக் கூடாதென 1603இல் சட்டம் வந்தது. 1661இல் நீங்கிய அத்தடை 1693இல் திரும்பவும் விதிக்கப்பட்டு, 1774இல்தான் முற்றாக ஒழிந்தது. கில்ஹேர்ன் வாசலின் மேற்கல்லில் பிரெடால்பன் பிரபு பொறித்த ஆண்டும் அதே 1693.

புளியந்தீவு வாசகன்:
மூவருக்கும் நன்றி. 'குடி' என்பதை எடுத்துவிட்டேன். மச்சான் முற்றத்தில் கிடக்கும் கோபுரத்தை ஒன்பது தடவை எடுத்திருக்கிறார், வாசற்கல்லை ஒரு தடவையும் எடுக்கவில்லை. அடுத்த முறை போகும்போது அந்தக் கல்லைக் கிட்ட நின்று எடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.