ரீலோடிங் பெட்டி வீட்டுக்கே வந்துவிட்டது, எங்கிருந்து ஆரம்பிப்பது? கொஞ்சம் அவசரம்

புதுசா வந்தவன்:
வணக்கம். அமெரிக்கா வந்து நாலு மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் நண்பரோடு மூன்று தடவை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன், ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. அவர் அடுத்த வாரம் வேறு மாநிலத்துக்கு மாறுகிறார், அதனால் தன் ரீலோடிங் (சுட்ட உறையில் மறுபடி பவுடர் நிரப்பித் தோட்டா செய்வது) சாமானை எல்லாம் நேற்று என் அபார்ட்மெண்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிரஸ் என்கிற கைப்பிடி இயந்திரம், அதில் மாட்டும் 9 எம்எம் டை (அச்சு) செட், ஒரு டப்பா வெடிமருந்து பவுடர், இரண்டு பெட்டி பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), ஒரு பை நிறைய சுட்டு முடித்த பித்தளை உறை. பவுடர் டப்பாவில் லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. மனைவி அந்த அறைக்குள்ளேயே வரமாட்டேன் என்கிறாள், எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. எந்தத் தராசு வாங்கலாம்? சனிக்கிழமை முதல் 50 தோட்டா போட்டுப் பார்க்கலாமா?

கராஜ்காரன்:
தம்பி, தராசு அப்புறம். முதலில் அந்த டப்பாவை மறந்துவிடு. லேபிள் இல்லாத பவுடர் என்றால் அது என்ன பவுடர் என்று யாராலும் சொல்ல முடியாது, பல பவுடர் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் ஆரம்பித்தபோது சொல்லித்தர ஆள் கிடையாது. வந்த முதல் குளிர்காலம், கார் இல்லை, பேச ஆள் இல்லை, ராத்திரி ராத்திரியாக லோடிங் மேனுவலை அட்டை கிழிகிற வரைக்கும் படித்தேன். படித்ததில் ஒன்றைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்: பவுடரை அளப்பது கிரெய்ன் என்கிற எடைக் கணக்கில், கிராமில் இல்லை. ஒரு கிராம் என்பது 15 கிரெய்னுக்கும் மேலே. நம் கை கிராமுக்குப் பழகிய கை, தராசு எந்தக் கணக்கில் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார். மேனுவலில் ஆரம்ப அளவு என்று போட்டிருப்பதில்தான் தொடங்க வேண்டும், உச்ச அளவில் இல்லை. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் போதும்.

ஞாயிறு ரேஞ்ச்:
அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு தோட்டாவுக்கு நாலு தடவை கைப்பிடி இழுத்து இழுத்து எத்தனையோ பேர் ஒரே மாதத்தில் விட்டுவிட்டார்கள். புரோகிரெசிவ் வாங்குங்கள், ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா. முதல் வருஷமே அதை வாங்காமல் விட்டேனே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

கராஜ்காரன்:
புதுசாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்குப் புரோகிரெசிவ் வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வேலை நடக்கும், ஓர் உறையில் பவுடர் விழாமல் போனாலோ இரண்டு தடவை விழுந்தாலோ கண்ணில் படாது. சிங்கிள் ஸ்டேஜ் என்றால் 50 உறையையும் மரக்கட்டைக் குழியில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். பவுடர் மட்டம் ஒன்றில் ஏறியிருந்தாலும் சட்டென்று தெரியும். பவுடர் விழாத தோட்டா பிரைமர் வேகத்தில் மட்டும் கிளம்பி, குண்டு குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். 'டப்' என்று அமுங்கின சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியும் போச்சு, கையும் போச்சு.

இரண்டு பிள்ளை அம்மா:
ஈயத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. சுட்ட உறைக்குள் இருக்கும் கரித்தூளில் பிரைமர் ஈயம் இருக்கிறது. என் கணவர் உறைகளைச் சுத்தம் செய்கிற டம்ளர் இயந்திரத்தில் தண்ணீர் இல்லாமல் போட்டு ஹாலிலேயே சுற்றவிட்டார், பக்கத்தில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அன்று போட்ட சண்டை இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் மனைவி பயப்படுவதில் தப்பே இல்லை. சாப்பிடும் மேஜையில் இந்த வேலை கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

பழைய வாடகைதாரர்:
இடம்தான் பெரிய பிரச்சினை. அபார்ட்மெண்டில் பிரஸ்ஸை எதில் முடுக்குவீர்கள்? என் முதல் வீட்டில் சுவரில் ஆணி அடித்ததற்கே டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். 2020, 2021ல் பிரைமரே கிடைக்காமல் அலைந்தோம், அது தனிக் கதை. கட்டுப்படி ஆகவில்லை என்றால் நண்பர்களுக்கும் போட்டுக் கொடுத்து ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ரேஞ்ச்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் போட கூட்டாட்சி லைசென்ஸ் வேண்டாம். விற்பதற்குத் தயாரித்தால் லைசென்ஸ் வேண்டும்.

டொராண்டோவாசி:
இங்கே தோட்டா வாங்கவே லைசென்ஸ் காட்ட வேண்டும். 2022 அக்டோபர் 21க்குப் பிறகு கைத்துப்பாக்கி வாங்குவதும் கைமாற்றுவதும் அநேகமாக நின்றே போய்விட்டது. அங்கே பெட்டியோடு வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள் என்பதைப் படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

மெதுவாகச் சொல்கிறேன்:
எல்லோரும் ஒரு நிமிஷம். தம்பி, நீங்கள் எந்த விசாவில் வந்திருக்கிறீர்கள்?

புதுசா வந்தவன்:
எச்-1பி. ஏன் கேட்கிறீர்கள்? துப்பாக்கி எதுவும் வாங்கவில்லையே.

மெதுவாகச் சொல்கிறேன்:
வாங்காவிட்டாலும் சிக்கல்தான். கூட்டாட்சிச் சட்டம் 18ஆம் தலைப்பு, 922வது பிரிவுப்படி, எச்-1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர. தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. உறை, பிரைமர், குண்டு, பவுடர் நாலையும் தனித்தனியாகவே தோட்டா என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தப் பித்தளைப் பையும் அதில் சேரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், நாடு கடத்தலும் அதோடு வரும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை, அதனால்தான் இங்கே பல பேருக்கு இது தோன்றவே இல்லை.

பதறாதீர்கள். இன்றைக்கே ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள், ரேஞ்சுக்குப் போனதையும் அவரிடம் சொல்லுங்கள், இங்கே அதைப் பற்றி இனி எழுத வேண்டாம். நண்பர் இன்னும் ஊரில்தானே இருக்கிறார், அவரையே வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்கள் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், கொண்டுபோவதும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. குப்பையில் போடவும் வேண்டாம். வேட்டை லைசென்ஸ் ஒன்று எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அதையும் வக்கீலிடம் கேட்ட பிறகுதான்.

கராஜ்காரன்:
விசாவைக் கேட்காமலே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள் தம்பி. மேனுவல் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை அனுப்புகிறேன். புத்தகம் படிக்கத் தடை எதுவும் இல்லை.

புதுசா வந்தவன்:
வக்கீலிடம் பேசிவிட்டேன், நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். நண்பருக்கு இந்த விஷயமே தெரியாதாம், பதறிப்போய் ஆறு மணிக்கே வந்து பிரஸ் முதல் உறைப் பை வரை எல்லாவற்றையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சோபாவுக்கு அடியில் இரண்டு உறை உருண்டு கிடந்ததை மனைவிதான் பார்த்துச் சொன்னாள், அவர் கிளம்புவதற்குள் அதையும் எடுத்துக்கொண்டார். அண்ணா, மேனுவல் அனுப்புங்கள்.